சீனி இல்லாத பந்தி

டாக்டரிடம் பொய் சொல்கிற மனிதர்களை எனக்குத் தெரியும். வக்கீலிடம் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிறவர்களும் உண்டு. சமையல்காரரிடம் மட்டும் எங்கள் தேனிப் பக்கத்தில் யாரும் எதையும் மறைப்பதில்லை. மறைத்தால் பந்தியில், இலைக்கு முன்னால் அகப்பட்டுக்கொள்வார்கள். அதனால்தான் சங்கிலியம்மாளின் குடோனில், சுவரில் அடித்த ஒரே ஒரு ஆணியில், கம்பத்திலிருந்து பெரியகுளம் வரைக்கும் உள்ள குடும்பங்களின் ரகசியமெல்லாம் தாள் தாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தத் தாள்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவன் நான். பெயர் ஜோயல். தேனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஜெராக்ஸ் எடுக்கிறவன் தாளைப் படிக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். நான் படிப்பேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் ஆகப் பெரிய தப்பைச் செய்தவனும் நான்தான்.

சங்கிலியம்மாளின் ஊர் சுருளிப்பட்டி. கல்யாணமான புதிதில் திராட்சைத் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போனார். அவர் புருஷன் சின்னக்கருப்பு அதே தோட்டத்துப் பழப்பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போய்வருகிறவர். போய்வந்து போய்வந்து மலையாளத்தில் ஒரே ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டார். 'மதி'. போதும் என்று அர்த்தம். சங்கிலியம்மாள் பேசத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் எங்கிருந்தாவது 'மதி, மதி' என்று அவர் குரல் கேட்கும். அதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

தோட்டத்து ஆட்களுக்கு மதியக் குழம்பு வைத்துக்கொண்டிருந்த சங்கிலியம்மாளை 1996 கார்த்திகையில் தோட்ட முதலாளி தன் மகளின் மறுவீட்டு விருந்துக்கு அடுப்பு முன்னால் நிறுத்தினார். பேசிவைத்திருந்த மாஸ்டர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு, கறியைத் தொட மாட்டேன் என்று முந்தின நாள் சொல்லிவிட்டார். முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணச் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் எழுந்து போவது என்பது சாதாரண விஷயம் இல்லை. அடுத்த தையில் அவருக்கு நாலு கல்யாணம் வந்தது. ஐந்து வருஷத்தில் தேனி அல்லிநகரத்தில் குடோன், எட்டு அண்டா, ஒரு டெம்போ, 'சங்கிலி கேட்டரிங்' என்று நான் அடித்துக் கொடுத்த விசிட்டிங் கார்டு எல்லாம் வந்துவிட்டன.

ஆள் ஒல்லி. குரல் பெரிது. அவருக்குச் சமையலில் ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. சாப்பிட உட்கார்ந்த ஆள், சாப்பிட்டு முடித்துத் தானாக எழுந்து நடந்து போக வேண்டும்.

அந்தக் கொள்கைக்குக் காரணம் 1999-ல் போடியில் நடந்த ஒரு கல்யாணம். ஏலக்காய் வியாபாரி ஒருவர் ஐந்து ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டு, ரசம் வருவதற்குள் இலை மேலேயே சாய்ந்தார். சாப்பாட்டில் என்னத்தைப் போட்டாய் என்று கூட்டம் சமையலறைக்குள் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சீனி வியாதி என்று சொன்ன பிறகுதான் கூட்டம் கலைந்தது. அந்த வியாபாரி பத்து வருஷமாக அதை வீட்டுக்குச் சொல்லாமல் வைத்திருந்தாராம்.

மறுநாளே சங்கிலியம்மாள் என் கடைக்கு வந்தார்.

"தம்பி, ஒரு தாளு அடிச்சுத் தாங்க. விசேச வீட்டுக்காரக கிட்டக் கேட்டு எழுதி வாங்கணும். யாருக்குச் சீனி, யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குப் பல்லு இல்ல. எல்லாத்தையும் கேட்டுப்புடணும்."

"சொல்லுவாகளா அக்கா?"

"சொல்லாமச் சாப்புட்டு விழுகுறதுக்குச் சொல்லிட்டுச் சாப்புடலாம்ல."

அப்படியே அடித்துக் கொடுத்தேன். இலை எத்தனை, சீனி உள்ளவர், உப்பு ஆகாதவர், பல் இல்லாதவர், விரதக்காரர். தாளில் கடைசியில் நாலு விரற்கடை இடம் காலியாக இருந்தது. காலியாக விட எனக்கு மனம் வராது. 'மற்றவை' என்று போட்டு நாலு கோடு இழுத்தேன். அந்த நாலு கோட்டில்தான் ஜனங்கள் தங்கள் வாழ்க்கையைக் கொட்டினார்கள்.

'பெரிய மச்சான் போதையில் வருவார், முதல் பந்தியிலேயே இலை போட்டு அனுப்பிவிடவும்.' 'சகலை இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைக்க வேண்டாம்.' 'மாமியார் முட்டை சாப்பிடுவது மாமனாருக்குத் தெரியாது, தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கவும்.' ஒரு வீட்டில் இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதியிருந்தார்கள். அதில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை, முழுக்க மருமகளைப் பற்றித்தான். நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதை இரண்டு தரம் படித்தேன்.

சங்கிலியம்மாள் ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு ஜெராக்ஸ் எடுப்பார். ஒன்று அவர் கைப்பைக்கு. ஒன்று பந்தி மேஸ்திரிக்கு. அசல் தாள் குடோன் ஆணிக்கு. விசேஷம் முடிந்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். காய் நறுக்க வந்தவர்கள், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். அது போதாது என்று, புதிதாக வருகிறவர்கள் எதை எப்படி எழுதுவது என்று விழித்தால், சங்கிலியம்மாள் ஆணியிலிருந்து ஒன்றை உருவி, "இந்தா, இப்புடித்தான் எழுதணும், பாருங்க" என்று முந்தின வீட்டுத் தாளையே மாதிரிக்குக் காட்டுவார். அதில் அவருக்குத் துளி கெட்ட எண்ணம் கிடையாது. நல்ல கையெழுத்தாகப் பார்த்துத்தான் எடுப்பார். எங்கள் சபை ஐயருக்கு, அதாவது சர்ச் பாதிரியாருக்கு, உப்பு ஆகாது, ஆனால் கருவாடு என்றால் உயிர் என்பது என் மனைவி சாராளுக்கு இப்படித்தான் தெரியவந்தது. நான் அப்போதே இது சரியில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு அது வாரப் பத்திரிகை படிக்கிற சுகமாக இருந்தது.

2005 வைகாசியில் சின்னமனூரில் ஒரு கல்யாணம். பெண் வேல்விழி, பண்ணைப்புரம் சுந்தரலிங்கம் வாத்தியாரின் மகள், உத்தமபாளையத்தில் ஆறு மிஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்துகிற பெண். மாப்பிள்ளை பாண்டியராஜன், கெங்குவார்பட்டிக்காரர், தேனியில் மோட்டார் உதிரிபாகக் கடை. எண்ணூறு இலை. அதுவரைக்கும் சங்கிலியம்மாள் எடுத்ததில் அதுதான் பெரியது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு தாள், பெண் வீட்டில் ஒரு தாள் என்று இரண்டையும் வாங்கியிருந்தார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் மாப்பிள்ளையின் அம்மா அன்னத்தாய் தனியாகப் பஸ் ஏறிக் குடோனுக்கு வந்தார்.

"மதினி, ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்றேன். மகனுக்கு ரெண்டு வருசமாச் சீனி. மாத்திரை போடுறான். பொண்ணு வீட்டுக்குத் தெரியாது. தாலி கட்டுனதும் பால்பழம் குடுப்பாகல்ல, அந்தப் பால்ல சீனி போட்டுறாத."

"எங்கிட்டச் சொல்லிட்டீகல்ல, விடுங்க. வாயத் தொறக்க மாட்டேன்."

வாயைத் திறக்கவில்லைதான். ஆனால் எழுதி வைக்காத எதையும் அவர் நம்ப மாட்டார். அன்னத்தாய் பஸ் ஏறியதும், மாப்பிள்ளை வீட்டுத் தாளின் கடைசியில் எழுதினார். 'மாப்பிள்ளை பாண்டியராஜனுக்குச் சீனி. பால்பழத்தில் போடக் கூடாது. பெண் வீட்டுக்குச் சொல்லக் கூடாது.' அது என் கடையில் ஜெராக்ஸுக்கு வந்தபோது நான் சிரித்தேன். சொல்லக் கூடாது என்பதைக்கூட எழுதிவைக்கிற ஆளாக இருக்கிறாரே என்று நினைத்தேனே தவிர, அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

அந்தக் கல்யாணத்துக்குச் சங்கிலியம்மாள் ஒரு புதுமை செய்திருந்தார். சீனிக்காரர்கள் எல்லோருடைய இலையிலும் கேசரி விழுந்து வீணாகிறது, பக்கத்து இலையைப் பார்த்து அவர்கள் ஏங்கவும் செய்கிறார்கள். அதனால் அவர்களுக்கு மாடியில் தனிப் பந்தி. கேப்பை இடியாப்பம், பாசிப்பயறுச் சுண்டல், சீனி போடாத காப்பி. 'சீனி இல்லாத பந்தி' என்று அம்புக்குறி போட்டு ஒரு பெரிய போர்டும் என்னிடம் அடித்து வாங்கி, மாடிப்படியில் மாட்டியிருந்தார். கல்யாணத்துக்கு என்னையும் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள், அழைப்பிதழ் என் கடையில் அடித்தது.

காலை எட்டு மணிக்கு டிபன் தொடங்கியது. முகூர்த்தம் பத்தரைக்கு. கீழே கூட்டம் நெரிகிறது. மாடியில் இருபது இலை போட்டு ஒரு ஆள் இல்லை. எவன் வருவான். போர்டைப் பார்த்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கமே திரும்பாமல் கீழேயே உட்கார்ந்து கேசரியில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கிலியம்மாளுக்குப் போடிக் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. வடை மாவுக் கையோடு என்னிடம் ஓடிவந்தார். மடித்து வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுத் தாளை இடுப்பிலிருந்து நானே எடுத்துக்கொள்ளும்படி ஆயிற்று.

"தம்பி, ஒங்களுக்குத்தான் நல்ல தொண்ட. மைக்குக்காரரு டீக்குப் போயிட்டாரு. இதுல இருக்குறவகளக் கொஞ்சம் மாடிக்குக் கூப்பிடுங்க."

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பது நான். ஒரு எழுத்து விட்டாலும் அப்பா வீட்டுக்கு வந்ததும் காதைத் திருகுவார். அப்படி வளர்ந்ததில், கையில் ஒரு தாளையும் முன்னால் ஒரு மைக்கையும் கொடுத்தால் தலைப்பு முதல் கடைசி எழுத்து வரைக்கும் நிறுத்தி, நிதானமாக, தெளிவாக வாசித்துவிடுவேன். என்ன வாசிக்கிறேன் என்பது முடித்த பிறகுதான் எனக்கே தெரியும்.

"கீழ்க்கண்ட பெரியோர்கள் மாடியில் உள்ள சீனி இல்லாத பந்திக்கு வரும்படி அன்புடன் அழைக்கப்படுகிறார்கள்" என்று மேடை மைக்கில் தொடங்கினேன். முதல் பெயரிலேயே ஒரு ஓய்வு பெற்ற தாசில்தாரின் கேசரி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவர் பழனிக்கு நேர்ந்துகொண்டு இனிப்பை விட்டுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தவர். மூன்றாவது பெயருக்குரியவரை அவர் மனைவி தலை முதல் கால் வரை பார்த்தார். பன்னிரண்டு பெயர். பன்னிரண்டு வீட்டில் அன்று சாயங்காலம் சண்டை. நான் நிறுத்தவில்லை. அதே குரலில், அதே நிதானத்தில் வாசித்தேன்.

"மாப்பிள்ளை பாண்டியராஜனுக்குச் சீனி. பால்பழத்தில் போடக் கூடாது. பெண் வீட்டுக்குச் சொல்லக் கூடாது."

சபையில் சொல்கிற மாதிரியே, இத்துடன் பாடம் முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாதஸ்வரம் நின்றுபோயிருந்தது.

சுந்தரலிங்கம் வாத்தியார் மெதுவாக மேடை ஏறி என் கையிலிருந்த தாளை வாங்கினார். முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியவர். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். பிறகு சமையலறைப் பக்கம் நடந்தார். மண்டபமே அவர் பின்னால் போனது. நானும் போனேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தை மைக் வைத்து நிறுத்திவிட்டேன் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அன்னத்தாய் எனக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தார். அழுதுகொண்டிருந்தார்.

"ஒன்ன நம்பித்தான சொன்னேன். இப்புடி ஊரு கூட்டி வாசிக்கச் சொல்லிட்டியே."

"தப்பு எந்தலையில ஆத்தா" என்றார் சங்கிலியம்மாள். "எழுதுனது நானு. தாளத் தூக்கிக் குடுத்ததும் நானு."

"அப்ப நீயே சொல்லு. தப்பா எழுதிட்டேன், அது வேற ஆளுன்னு சொல்லு."

வாத்தியார் முன்னால் வந்தார்.

"ஏம்மா, இது நெசந்தானா?"

"அது எங்கிட்ட நம்பிச் சொன்ன விசயம் வாத்தியாரய்யா. ஒங்ககிட்டச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. மாப்ள இருக்காக, அவுகளக் கேளுங்க."

"ஊரே கேட்டுருச்சேம்மா மைக்குல."

"கேட்டது கேட்டதுதான். நான் சொல்ல மாட்டேன்."

இதைக் கேட்டு அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மை என்றால் அன்னத்தாய்க்குக் கொடுத்த வாக்கு இரண்டாம் முறை போகும். பொய் என்றால் ஒரு பெண்ணை ஏமாற்றியதாகும். இரண்டுக்கும் நடுவில் அந்தம்மாள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய்மாமன் ராக்கையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் எதையும் மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

"மாத்திரையில நிக்கிற சீனி. அதுக்குப் போயி எங்கள ஏமாத்துக்காரகன்னு பேசுறீக. ஒங்க பொண்ணு வீட்டுத் தாளும் இந்தம்மாகிட்டத்தான இருக்கு. எடுத்து வாசிக்கச் சொல்லுங்க. ஒங்க வண்டவாளமும் வரட்டும்."

பெண்ணின் அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். சுவரில் கை வைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது அங்கே நின்றவர்களில் அவருக்குத் தெரியும், வாத்தியாருக்குத் தெரியும், பந்தி மேஸ்திரிக்கும் சங்கிலியம்மாளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'மற்றவை' என்ற இடத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி. 'பெண்ணுக்கு இடது காது கேட்காது. பரிமாறுகிறவர்கள் வலது பக்கம் நின்று கேட்கவும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டாம்.' சின்ன வயசுக் காய்ச்சலில் போன காது. பெண் பார்க்க வந்த அன்று, வந்தவர்கள் எல்லாம் அவளுக்கு வலது பக்கம் வருகிற மாதிரிப் பார்த்துப் பார்த்துப் பாய் விரித்திருக்கிறார்கள்.

அதை எடுத்துக் காட்டினால் இரண்டு வீட்டுக்கும் கணக்கு நேராகிவிடும். சங்கிலியம்மாளின் பெயரும் ஓரளவு தப்பும். ராக்கையா சத்தமாகக் கேட்கிறார். இன்னும் நாலு பேர் எடு எடு என்கிறார்கள். சின்னக்கருப்பு டெம்போவிலிருந்து இறங்கி வந்து, கூட்டத்தைப் பார்த்து, "மதி, மதி" என்றார். யாரும் கேட்கவில்லை.

சங்கிலியம்மாள் கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார். வாத்தியார் கையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுத் தாளையும் கேட்டு வாங்கினார். பந்தி மேஸ்திரியைக் கூப்பிட்டு அவரிடம் இருந்த இரண்டையும் வாங்கினார். நாலையும் சேர்த்துச் சாம்பார் அண்டாவுக்குக் கீழே, விறகடுப்பில் செருகினார்.

"இப்ப இந்த மண்டபத்துல எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார். "மத்தியானம் எண்ணூறு எல போடணும். யாருக்கு என்ன ஆகும், என்ன ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. அவுகவுக வாயிருக்கு, அவுகவுக சொல்லட்டும்."

ராக்கையா விடுகிற ஆள் இல்லை. சுற்றிப் பார்த்தார். அவர் கண் என் மேல் விழுந்தது.

"ஏலே, நீதான எல்லாத்தையும் ஜெராக்ஸ் போடுறவன். படிக்காமயா இருந்திருப்ப? நீ சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாராள் கூட்டத்தில் இருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு விஷயம் தெரிந்து அதைச் சொல்லாமல் நான் இருந்ததை அவள் எங்களுக்குக் கல்யாணமான பதினாலு வருஷத்தில் பார்த்ததில்லை. நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன்.

"நான் படிக்கிறதில்லண்ணே" என்றேன். அது பொய். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பொய்தான்.

அதற்குள் கூட்டம் விலகியது. மணப்பெண் வேல்விழி வந்துகொண்டிருந்தாள். தலை நிறையப் பூ, கையில் அரைகுறையாகப் போட்ட மருதாணி, பின்னால் தடுக்கப் பார்க்கிற இரண்டு சித்திகள். எங்கும் நிற்காமல் வந்து மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றாள். பாண்டியராஜன் அதுவரைக்கும் வாழைத்தார்களுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார்.

"ஒங்களுக்கு என்னன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அவர் அவளுக்கு இடது பக்கமாக வந்து, ஊர் கேட்க வேண்டாம் என்று மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அவள் பேசாமல் நின்றாள். அவர் மறுபடியும் சொன்னார். அவள் அம்மா அங்கிருந்து, "சரின்னு சொல்லு ஆத்தா, கேட்டுருச்சுன்னு சொல்லு" என்று வாயசைத்தார்.

வேல்விழி அம்மாவைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

ராக்கையா வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். பாண்டியராஜன் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு சுற்றி வந்து வலது பக்கம் நின்றார். இந்தத் தடவை அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"சீனி இருக்கு. ரெண்டு வருசமா. மாத்திரை போடுறேன். மொதல்லயே சொல்லிருக்கணும்."

"நானுந்தான் சொல்லிருக்கணும்" என்றாள் அவள். பிறகு திரும்பிச் சங்கிலியம்மாளிடம் சொன்னாள். "அக்கா, பால்பழத்துக்கு ரெண்டு டம்ளராக் குடுங்க. என்னதுல சீனி போடுங்க, எனக்கு இனிப்பு இல்லாம எறங்காது."

வாத்தியாருக்குக் கோபம் போகப் பத்து நிமிடம் ஆயிற்று. அன்னத்தாய்க்கு அழுகை நிற்க இன்னும் பத்து நிமிடம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தாலி பதினோரு மணிக்குள் ஏறியது. மத்தியானச் சாப்பாட்டில் சீனிக்காரர் பன்னிரண்டு பேரும் தாங்களே மாடிக்கு ஏறிப் போனார்கள், இனி ஒளிக்க என்ன இருக்கிறது. தாசில்தார் மட்டும் என்னைத் தாண்டிப் போகும்போது, நன்றாக இருப்பாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

மூன்றாம் நாள் சங்கிலியம்மாள் என் கடைக்கு வந்தார். வீட்டுத் தாள்களை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்றார். நான் 'வாடிக்கையாளர் விவரப் பாதுகாப்புக் கொள்கை' என்று தலைப்பு அடித்தேன். அது கட்சிக் கொள்கை மாதிரி இருக்கிறது, 'வீட்டு விசயம்' என்று போடுங்கள் என்றார். ஒரு வீட்டுத் தாளை இன்னொரு வீட்டுக்குக் காட்டக் கூடாது, மாதிரிக்கும் கூடாது. சமையலுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் கேட்க வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. ஒரு ஆளுக்கு ஒன்று ஆகாது என்றால் அந்த ஆளிடமே போய், பக்கத்தில் குனிந்து கேட்க வேண்டும். கடைசி இலை எடுத்த அன்றைக்கே தாள் அடுப்புக்குப் போய்விட வேண்டும். ஜெராக்ஸ் கிடையாது. இதெல்லாம் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். கடைசியாக, 'ஜோயல் தம்பியிடம் மைக் கொடுக்கக் கூடாது' என்றார். அதையும் அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

ஆணியைச் சின்னக்கருப்பு பிடுங்கினார். ஆறு வருஷத்துத் தாள்கள் எரிய அரை மணி நேரம் ஆனது. பிற்பாடு ஒரு துணிக்கடையிலிருந்து, வரப்போகிற கல்யாண வீடுகளின் பெயரும் போன் நம்பரும் கொடுங்கள் என்று நயமாகப் பேசிக்கொண்டு ஒருவர் வந்தார். சங்கிலியம்மாள் அவருக்கு இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்து, சுவரில் ஒட்டியிருந்ததைப் படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

விதி எல்லாம் சரி. ஜனங்கள்தான் சரியாகவில்லை. சமையல் வேலை வந்துகொண்டுதான் இருந்தது, அவர் கைப்பக்குவத்தை யாரும் விடுவதாக இல்லை. ஆனால் தாளில் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை, இல்லை, இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். எண்ணூறு பேர் கூடுகிற வீட்டில் ஒருவருக்கும் சீனி இல்லையாம், ஒருவருக்கும் ஒரு பல்லும் விழவில்லையாம். நானே நேரில் பார்த்தேன், சங்கிலியம்மாள் ஒவ்வொரு பந்திக்கும் பின்னால் நின்று யார் எதை ஒதுக்குகிறார்கள் என்று இலை இலையாகப் பார்த்துக்கொண்டு போவார். யாராவது எழுந்திருக்கத் தடுமாறினால் ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்வார். அவர் முகத்தில் பழைய தைரியம் இல்லை.

"கண்ணக் கட்டிக்கிட்டு வடிக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றார் ஒரு நாள். "யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாக."

எனக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். கேட்டால் மட்டும் என்ன, வாசித்தது வாசித்ததுதான்.

2007 தையில் புதிதாக அடித்த தாள்களைக் கொடுக்கக் குடோனுக்குப் போயிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அன்னத்தாய் இறங்கினார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் இந்தப் பக்கமே வந்ததில்லை. தன் வீட்டு விசேஷம் எதற்கும் இவரைக் கூப்பிட்டதும் இல்லை. சங்கிலியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

"வேல்விழிக்கு வளகாப்பு. நூத்தம்பது எல" என்றார் அன்னத்தாய்.

"செஞ்சுருவோம் ஆத்தா."

சங்கிலியம்மாள் தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். அன்னத்தாய் அதை வாங்கவில்லை. குடோனைச் சுற்றிப் பார்த்தார். ஆணி இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, செத்த வெளிய இருங்க" என்றார் சங்கிலியம்மாள்.

வெளியே வந்து சின்னக்கருப்போடு டெம்போவில் சாய்ந்துகொண்டு நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. அன்னத்தாய் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சங்கிலியம்மாளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். நிறையச் சொன்னார். சங்கிலியம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட என் பக்கம் வரவில்லை. நான் ஓரடி முன்னால் நகர்ந்தேன். சின்னக்கருப்பு என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "மதி" என்றார்.

ஆட்டோ போன பிறகு உள்ளே போனேன். சங்கிலியம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். தாளில் 'இலை 150' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லிட்டாக தம்பி" என்றார்.

"என்னக்கா சொன்னாக?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பழைய குரல் திரும்பியிருந்தது.

"சொல்லிட்டாக."